மற்றும் சில பெண்கள்

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குத் தெற்கே எங்களுக்கென்று ஒரு திட்டு உண்டு. விடிகாலை நடையை முடித்துவிட்டு ஐந்தாறு கிழவர்கள் அங்கே உட்காருவோம். ஏழரை மணிக்கு வண்டிகளை விடும்வரை அந்தச் சாலை எங்களுடையதுதான். சர்க்கரை அளவு, மருமகன் வேலை, பென்ஷன் நிலுவை, உலக அரசியல் என்று எதையும் விடமாட்டோம்.

போன மாதம் ஒருநாள் எங்களில் ஒருவர் நாளிதழை விரித்து வைத்திருந்தார். எங்கோ நடக்கும் ஒரு போரை நிறுத்தப் பேச்சுவார்த்தையாம். படத்தில் நீளமான மேசை, இரண்டு பக்கமும் கோட்டு போட்ட மனிதர்கள், நடுவில் தண்ணீர் பாட்டில்கள். முட்டிவலிக்காக நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவருடைய மனைவியும் அன்று வந்திருந்தார். அந்த அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இத்தன பேர்ல ஒரு பொம்பளகூட இல்லையே?" என்றார்.

"சண்ட போட்டவங்கதான பேசணும்? அங்க உங்களுக்கு என்ன வேல?" என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தோம்.

"குண்டு என்னமோ எங்க வூட்டு மேலயும்தான் விழுது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மெதுவாகக் கலங்கரை விளக்கம் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நானும் சிரித்தவன்தான். சிரித்து முடித்த பிறகு எனக்கு ஒரு பழைய கோப்பு ஞாபகத்துக்கு வந்தது. அதில் என் கையெழுத்தில் மூன்று வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த பிறகும், 1962-இல் சட்டப்படி இணைந்த பிறகும், பிரெஞ்சுப் படிப்பு இங்கே தொடர்ந்தது என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு. இலக்கண வகுப்பில் ஒரு விதியைத் தலைகீழாக ஒப்பிக்கச் சொல்வார்கள்: "லெ மஸ்குலேன் லாம்போர்த் சுர் லெ ஃபெமினேன்." பெண்பாலை ஆண்பால் வெல்லும் என்று அர்த்தம். பிரெஞ்சில் 'ஈல்' என்றால் அவர்கள், ஆண்கள். 'எல்' என்றால் அவர்கள், பெண்கள். நூறு பெண்கள் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு ஆண் போய் நின்றால் போதும், மொத்தக் கூட்டமும் 'ஈல்' ஆகிவிடும்.

எங்கள் முசியே இதை விளக்கியபோது, பின் பெஞ்சுப் பையன் ஒருவன், "தமிழில் 'அவர்கள்' என்று ஒரே வார்த்தைதானே, அதில் இந்த வம்பு இல்லையே" என்று கேட்டு, பிரம்படி வாங்கினான். நான் கேட்கவில்லை. நான் எப்போதும் விதியை மனப்பாடம் செய்கிற பிள்ளை. பிற்காலத்தில் நல்ல கிளார்க் என்று பெயர் வாங்கியதும் அதனால்தான்.

அதே பள்ளியில் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தையும் படித்தோம். பிரெஞ்சில் அதன் பெயரிலேயே 'மனிதன்' என்பதற்கு ஆணைக் குறிக்கும் சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லில் பெண்களும் அடக்கம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1791-இல் ஒலாம்ப் தெ கூஜ் என்ற பெண்மணி, "அடக்கம் என்றால் வெளிப்படையாக எழுதுங்களேன்" என்கிற விதமாகப் பெண்ணின் உரிமைப் பிரகடனம் ஒன்றைத் தனியே எழுதினார் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்டனை என்று வரும்போது ஆணுக்குச் சமமாக நடத்தப்படுகிறவள், மேடையில் பேச மட்டும் ஏன் சமமில்லை என்பது அவர் கேள்வி. 1793 நவம்பரில் அவரைக் கில்லட்டினில் ஏற்றிவிட்டார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கும் உத்தரவு 1944-இல்தான் வந்தது. 1789-இலிருந்து எண்ணிப் பாருங்கள், 155 ஆண்டுகள். 'அடக்கம்' என்ற சொல்லுக்குள் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தார்கள்.

இப்போது அந்தக் கோப்புக்கு வருகிறேன்.

1980-களின் நடுப்பகுதி. நான் ஒரு வருவாய் அலுவலகத்தில் கிளார்க். எந்த அலுவலகம், எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். அந்த மனிதர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு மீனவக் குப்பங்களுக்குள் சண்டை. ஒரு குப்பத்து விசைப்படகு இரவில் இன்னொரு குப்பத்துக் கட்டுமரக்காரர்களின் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கடலில் ஆரம்பித்தது கரைக்கு வந்தது. இரண்டு படகுகளுக்குத் தீ வைத்தார்கள், ஏழெட்டுப் பேருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் முகாம் போட்டது. பிறகு வழக்கம்போல அமைதிக் கூட்டம்.

அமைதிக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது அரசு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு தரப்பிலும் பஞ்சாயத்தார் ஏழேழு பேர். மீன்வளத்துறையிலிருந்து ஒருவர், போலீஸ் இன்ஸ்பெக்டர், எங்கள் அதிகாரி. பெயர்ப் பட்டியல் முதல் நாளே தயாராகிவிடும். வாசலில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவதும், பேசியதைக் குறிப்பெடுத்து, உடன்பாட்டை எழுதி, கையெழுத்து வாங்குவதும் என் வேலை.

அன்று காலை, கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, நாலு பெண்கள் வந்தார்கள். மீன் விற்றுவிட்டு நேரே வந்திருக்கிறார்கள். இடுப்பில் கூடை, கூடையில் பனி ஈரம். இரண்டு பேர் இந்தக் குப்பம், இரண்டு பேர் அந்தக் குப்பம். சேர்ந்தே வந்திருந்தார்கள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

அவர்களில் மூத்தவர், எழுபதை நெருங்கியவர், முன்னால் வந்தார்.

"அய்யா, நாங்களும் உள்ள வந்து ரெண்டு வார்த்த சொல்லணும்."

"லிஸ்ட்ல உங்க பேரு இல்லம்மா."

"எங்க பேரு எந்த லிஸ்ட்லதான்யா இருந்துச்சி?"

அப்போது எனக்கு அது வாயாடித்தனமாகப் பட்டது. "உங்க ஊர்ப் பஞ்சாயத்தார் உள்ள இருக்காங்க, அவங்க உங்களுக்கும் சேர்த்துப் பேசுவாங்க" என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்த அதே 'அடக்கம்'தான். அந்த ஆயா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற மூன்று பேரும் பின்னால் போனார்கள்.

கூட்டம் நன்றாகவே நடந்தது. கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் விசைப்படகு வரக்கூடாது, எந்த நேரத்தில் யார் கடலுக்குப் போவது, அறுந்த வலைக்கு எவ்வளவு நஷ்டஈடு, வழக்குகளை என்ன செய்வது என்று ஆறு அம்சம் எழுதினேன். பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டீ, பிஸ்கட் கொடுத்தோம். அதிகாரி என் எழுத்தைப் பாராட்டினார்.

பதினொரு நாள் தாங்கியது.

பன்னிரண்டாம் நாள் மறுபடியும் கல்வீச்சு. இந்த முறை சண்டை கடலில் தொடங்கவில்லை. ஒரு குப்பத்துப் பெண்கள் மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமானால் மற்றக் குப்பத்து மணல் பாதை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே சில இளவட்டங்கள் நின்றுகொண்டு கூடைகளைத் தட்டிவிட்டார்கள். மீன் மண்ணில் கொட்டியது. ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்ததாகவும் பேச்சு. செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அண்ணன், தம்பி, புருஷன் எல்லாரும் கட்டையோடு கிளம்பிவிட்டார்கள். நாங்கள் எழுதிய ஆறு அம்சமும் கடலைப் பற்றியது. கரையில் இருந்த அந்தப் பாதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பதினாலு பேரில் ஒருவரும் அந்தப் பாதையில் கூடை சுமந்தவர் இல்லையே!

இரண்டாவது கூட்டத்துக்கு எங்கள் அதிகாரியே, "அந்தப் பொம்பளைங்களக் கூப்பிடுங்கய்யா" என்றார். அவர் நல்ல மனிதர், காதைத் திறந்து வைத்திருப்பவர். அதே நாலு பேர் வந்தார்கள். வந்ததும் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய் ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து போட்டேன். "இருக்கட்டும் தம்பி" என்றார் ஆயா. முதல் முறை அய்யா, இந்த முறை தம்பி. எனக்கு என்னவோ போல இருந்தது.

அவர்கள் பேசியது கால் மணி நேரம்கூட இருக்காது. பாதையைப் பற்றிச் சொன்னார்கள். ஏலம் விடும் இடத்தில் யார் எங்கே உட்காருவது என்று பழைய வழக்கம் ஒன்று இருந்ததையும், சண்டைக்குப் பிறகு அது கலைந்துபோனதையும் சொன்னார்கள். முதல் சண்டைக்கு முந்தின ராத்திரி சாராயக்கடையில் பையன்களுக்கு யார் வாங்கி ஊற்றியது என்று பெயரோடு சொன்னார்கள். இன்ஸ்பெக்டருக்கே அது புதுச் செய்தி. கடைசியாக ஆயா சொன்னார்: "இந்த ஊரு பொண்ண அந்த ஊருல குடுத்திருக்கோம், அந்த ஊரு பொண்ண இங்க எடுத்திருக்கோம். என் பேத்தி அங்க நெறமாசமா இருக்கா. எங்க மருமவப் பொண்ணு போயி அவளப் பாக்க முடியல. சண்ட கடல்லன்னு நீங்க எழுதிக்கிட்டீங்க. சண்ட எங்க வூட்டுக்குள்ள தம்பி."

உடன்பாட்டில் மூன்று அம்சம் கூடுதலாகச் சேர்ந்தது. மார்க்கெட் பாதையில் பெண்களை யாரும் மறிக்கக் கூடாது, மறித்தால் அவன் சொந்த ஊர்ப் பஞ்சாயத்தே அபராதம் போட வேண்டும். ஏலத்தில் பழைய வழக்கம் தொடர வேண்டும். கல்யாணம், பிரசவம், சாவு என்றால் எந்தத் தடையும் இல்லாமல் போய்வர வேண்டும். அதற்குப் பிறகும் வாய்ச்சண்டைகள் வந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அந்த அலுவலகத்தில் இருந்த ஆறு வருடத்தில் அந்த இரண்டு குப்பங்களுக்காக இன்னொரு அமைதிக் கூட்டம் போட வேண்டி வரவில்லை.

இவ்வளவு நன்றாக முடிந்த கதையில் எனக்கென்ன வருத்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அன்று மாலை கூட்டக் குறிப்பை எழுதினேன். 'கலந்துகொண்டோர்' என்ற தலைப்பின் கீழ், அதிகாரிகள் பெயர், பதவி. பிறகு பஞ்சாயத்தார் பதினாலு பேர், ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயரோடு. கடைசி வரியில் எழுதினேன்: "மற்றும் சில பெண்கள்." அவர்கள் பெயரை நான் கேட்கவே இல்லை. உடன்பாட்டில் அவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கவும் இல்லை. யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவர்கள் சொன்ன மூன்று அம்சமும் பஞ்சாயத்தார் கையெழுத்தின் மேல் ஏறி நின்றன. ஆண்பால் பெண்பாலை வென்றுவிட்டது.

இதெல்லாம் ரொம்ப நாள் எனக்கு உறைக்கவில்லை. 2011-இல் ஓய்வு பெற்றேன். வீட்டில் கேபிளில் பிரெஞ்சுச் செய்தி பார்ப்பது என் பழைய பழக்கம். அந்த அக்டோபரில் அமைதிக்கான நோபெல் பரிசு மூன்று பெண்களுக்கு அறிவிக்கப்பட்டது. லைபீரியாவின் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப், அதே நாட்டைச் சேர்ந்த லேமா போவீ, ஏமன் நாட்டின் தவக்குல் கர்மான். திரையில் பழைய படம் ஒன்று காட்டினார்கள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பெண்கள். அந்த இடம் மன்ரோவியா நகரத்தில் மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்து மைதானம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மீன் மார்க்கெட் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

லைபீரியா மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. 1989-இலிருந்து 2003 வரை, நடுவில் கொஞ்ச நாள் ஓய்வு விட்டு, இரண்டு உள்நாட்டுப் போர்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் செத்தார்கள் என்று சொல்கிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் போதை ஏற்றி அனுப்பினார்கள். லேமா போவீ போரில் சிதைந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையில் இருந்தவர், குழந்தைகளின் தாய். முதலில் தேவாலயப் பெண்களைச் சேர்த்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு முஸ்லிம் பெண் போலீஸ் அதிகாரி எழுந்து, "எங்கள் பெண்களையும் அழைத்து வருகிறேன்" என்றார். துப்பாக்கிக் குண்டு சிலுவையா பிறையா என்று பார்த்தா வருகிறது? இரண்டு மதத்துப் பெண்களும் 2003-இல் அதிபர் சார்லஸ் டெய்லரின் கார் போகும் சாலையோரத்தில், அந்த மீன் மார்க்கெட் மைதானத்தில், நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். கடைசியில் டெய்லர் அவர்களைச் சந்தித்தார், பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டார்.

பேச்சுவார்த்தை 2003 ஜூனில் கானா நாட்டில் தொடங்கியது. அங்கேயும் மேசையில் ஆயுதம் ஏந்தியவர்கள்தான். நல்ல ஓட்டலில் தங்கிக்கொண்டு, யாருக்கு எந்த மந்திரி பதவி என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். ஊரில் மன்ரோவியா மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜூலையில் போவீயும் மற்றப் பெண்களும் கூட்ட மண்டபத்து வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். முடிவு எடுக்காமல் ஒருவரும் வெளியே போக முடியாது என்றார்கள். காவலர்கள் போவீயைக் கைது செய்ய வந்தபோது, தன் உடையைத் தானே களைந்துவிடுவேன் என்று எழுந்து நின்றார். ஒரு தாய் அப்படிச் செய்வது அந்தப் பக்கத்தில் பெரிய சாபம். நம் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றுகிற மாதிரி. நடுவராக இருந்த நைஜீரிய முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபூபக்கர் காவலர்களை விலக்கிவிட்டுப் பெண்களிடம் பேசினார். அதற்குப் பிறகு பேச்சில் சூடு பிடித்தது. ஆகஸ்ட் 11-இல் டெய்லர் பதவி விலகினார். ஆகஸ்ட் 18-இல் உடன்பாடு கையெழுத்தானது.

பெண்கள் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. டிசம்பரில் ஆயுதம் ஒப்படைக்கும் ஏற்பாடு ஆரம்பித்து, குழப்பமாகி, நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி 2004 ஏப்ரலில்தான் நடந்தது. துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லிப் பையன்களிடம் பேச அந்தத் தாய்மார்கள்தான் தேவைப்பட்டார்கள். பின்னர் தேர்தலில் பெண்களை ஓட்டுப் போடச் சொல்லி ஊர் ஊராகப் போனார்கள். 2006 ஜனவரியில் எலன் ஜான்சன் சர்லீஃப் பதவியேற்றார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று நாட்டுத் தலைவரான முதல் பெண் அவர்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2007 ஜனவரி கடைசியில் நம் சி.ஆர்.பி.எஃப். பெண்கள் நூறு பேருக்கு மேல் ஐ.நா.வின் சார்பில் மன்ரோவியாவில் போய் இறங்கினார்கள். ஐ.நா. அமைதிப் பணிக்குப் போன முதல் முழுப் பெண் போலீஸ் அணி அதுதான். அதிபர் அலுவலகத்துக்குக் காவல், இரவு ரோந்து எல்லாம் செய்தார்கள். 2016 பிப்ரவரியில் திரும்பும்வரை, ஒன்றன்பின் ஒன்றாக 9 அணிகள் போய்வந்தன. துப்பாக்கியோடு பெண்கள் தெருவில் நிற்பதைப் பார்த்து அந்த ஊர்ப் பெண்களும் போலீஸில் சேர முன்வந்தார்கள். அங்கே பாதுகாப்புத் துறையில் 100-க்கு 6 ஆக இருந்த பெண்கள் 17 ஆனார்கள் என்று ஐ.நா.வே சொன்னது. தெருவில் தனக்கு நடந்த கொடுமையை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்வாள்; சீருடை போட்ட ஆணிடம், அதுவும் சீருடை போட்டவர்களாலேயே சீரழிந்த ஊரில், எப்படிச் சொல்வாள்?

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு தீர்மானம் இருக்கிறது. 2000 அக்டோபர் 31 அன்று, நமீபியா தலைமையில் கூடிய ஐ.நா. பாதுகாப்பு சபை ஒருமனதாக நிறைவேற்றிய 1325-ஆம் எண் தீர்மானம். போரைத் தடுப்பதிலும், சமாதானம் பேசுவதிலும், பிறகு நாட்டைக் கட்டுவதிலும் பெண்களுக்கு முழு இடம் வேண்டும், போர்க்காலத்தில் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அதன் சாரம். கிளார்க் புத்தியில் சொன்னால், 'லிஸ்டில் பெயரைச் சேர்' என்கிற உத்தரவு. உத்தரவு வந்ததால் எல்லாம் நடந்துவிடுமா? 1992-இலிருந்து 2019 வரை நடந்த முக்கியமான அமைதிப் பேச்சுகளை எடுத்துப் பார்த்தால், பேச உட்கார்ந்தவர்களில் பெண்கள் 100-க்கு 13 பேர், நடுவர்களில் 6 பேர், கையெழுத்துப் போட்டவர்களிலும் 6 பேர்தான். கையெழுத்து என்ற இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். நான் ஒருவன் மட்டும் அந்தத் தப்பைச் செய்யவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

வட அயர்லாந்தில் 1996-இல் பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பத் தேர்தல் வைத்தார்கள். கட்சிகள் பெண்களுக்குப் போதிய இடம் தரவில்லை என்று, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பெண்கள் சேர்ந்து சில வாரங்களில் ஒரு கட்சியையே ஆரம்பித்து, மேசைக்கு இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். 1998 உடன்பாட்டில் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி, இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் என்ற வரிகள் ஏற அவர்கள் காரணம். ஆண்கள் எல்லையையும் ஆயுதத்தையும் பேசிக்கொண்டிருந்தபோது, இவர்கள் பள்ளிக்கூடத்தைப் பேசியிருக்கிறார்கள். எங்கள் ஆயா மார்க்கெட் பாதையைப் பேசிய மாதிரியேதான்.

பெண்கள் என்றால் எல்லாரும் சாந்த சொரூபிகள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குப்பத்துச் சண்டையில் மடியில் கல்லைக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்த பெண்களையும் எனக்குத் தெரியும். நல்லவர்கள் என்பதற்காக அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றால், அந்த அளவுகோலில் உள்ளே இருந்த ஆண்கள் எத்தனை பேர் தேறுவார்கள்? அந்த ஊர் அவர்களுடையதும்தான், அதனால் இடம் வேண்டும். இது ஒன்று. இன்னொன்று, சண்டையின் பாதி விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்தப் பாதியைக் கேட்காமல் எழுதுகிற உடன்பாடு பதினொரு நாள்தான் தாங்கும். இதற்கு எனக்குப் புத்தகம் தேவையில்லை, நானே எழுதி, நானே பார்த்தேன்.

இந்தக் கதையைப் போன வாரம் கடற்கரைத் திட்டில் சொன்னேன். நண்பர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி அன்றும் வந்திருந்தார். "அந்த ஆயா பேரு என்னங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அந்தக் குப்பத்துக்குப் போய் விசாரித்தேன். சுனாமிக்குப் பிறகு பாதி வீடுகள் இடம் மாறியிருந்தன. "கூடைக்கார ஆயான்னா இங்க எல்லாரும்தாங்க கூடைக்கார ஆயா" என்று சிரித்தார்கள். அந்தக் கோப்பும் எப்போதோ கழித்துக் கட்டப்பட்டிருக்கும். அமைதிக் கூட்டக் கோப்பை எத்தனை வருடம்தான் வைத்திருப்பார்கள்? இருந்தாலும் அதில் அந்தப் பெயர் கிடைக்காது. எழுதியவன் நான்தானே.

ஆகையால் இங்கே திருத்தி எழுதுகிறேன். கலந்துகொண்டோர்: அதிகாரிகள் மூவர், பஞ்சாயத்தார் பதினாலு பேர், மீன் விற்கும் பெண்கள் நால்வர். உடன்பாட்டின் ஏழு, எட்டு, ஒன்பதாம் அம்சங்களைச் சொன்னவர்கள் அவர்கள். பெயர் கேட்காமல் விட்டது கிளார்க்கின் தவறு.